நோரா அம்மாளின் வெயில்

பிஸ்கோத்து டப்பாவின் மூடியில் தண்ணீர் ஊற்றி, அதை விளக்குக்குக் கீழே வைத்து, தெர்மாமீட்டரால் மெல்லக் கலக்கிக்கொண்டே நோரா அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூடியின் உட்புறம் கரிப்பானையின் அடியைப் போலக் கறுப்பு. அவரே பூசிய கறுப்பு. பக்கத்துக் கட்டிலில் சட்டையில்லாமல் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். சிக்பேட்டையில் ஜவுளி வியாபாரம் செய்பவர். வெளியே அவருடைய ஜட்கா காத்திருக்கிறது. "ஆச்சாம்மா, ஆச்சா?" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வருகிறது.

"ஸ்வல்ப பொறுங்க சாமி. வெயிலு இன்னும் வந்து சேரல."

விளக்கைத் தாங்கும் இரும்புத் தண்டின் திருகைத் தளர்த்தி, விரற்கடை அளவு மேலே தூக்குகிறார். மூடியில் புதுத் தண்ணீர். மறுபடி கலக்கல், மறுபடி கடிகாரம். பிறகு முகம் மலர்கிறது.

"வந்திருச்சு. முக்கால் வெயிலு. காலைல பத்து மணிக்கு மொட்டை மாடில முதுகைக் காட்டி நிக்கிற மாதிரி இருக்கும். அதுக்கு மேல சுட்டா உடனே கத்தணும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

மூடியை எடுத்துவிட்டு, கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளி, முதுகைச் சரியாக அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். முதுகுப் பக்கம் அல்ல, முகத்துக்கு எதிரே. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் தடவை எனக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது. எழுதுகிற தோள் இறுகிப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அங்கே போனவன் நான். ஒரு பெண்பிள்ளை என் மூக்குக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்தால் எங்கே பார்ப்பது? "என்னையே பாருங்க. நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்" என்றார்.

பெங்களூரில் தண்டு என்று சொல்லப்படும் கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கிறது அந்த அறை. முன்காலத்தில் குதிரைச் சேணம் வைத்திருந்த கொட்டடி. மழை நாளில் இன்னும் தோல் வாசனை அடிக்கிறது. இப்போது வாசலில் 'மின்சார சிகிச்சை' என்று பலகை தொங்குகிறது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு பெரிய சிவப்பு விளக்கு, கறுப்புச் சாயம் அடித்த ஒரு மர அலமாரி. அலமாரிக் கதவுதான் நோரா அம்மாளின் கரும்பலகை. அதில் எப்போதும் சாக்கட்டியால் பெருக்கலும் வகுத்தலும் நிறைந்திருக்கும். அதை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. பெருக்குகிறவள்கூட அந்தப் பக்கம் துடைப்பத்தைச் சாய்த்துப் பிடித்துத்தான் போவாள்.

நாற்பதை ஒட்டிய வயது. நல்ல உயரம். வெள்ளைச் சேலையைத் தோளில் இரண்டு ஊக்குகளால் இறுக்கியிருப்பார். காலில் ஓசைப்படாத ரப்பர்ச் செருப்பு. வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. பேச்சு மட்டும் தாழ்வாரம் முழுவதும் கேட்கும். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். கன்னியாஸ்திரீகளிடம் "ஆண்டவர் இன்னும் முடிவு சொல்லல மதர்" என்பார். என்னிடம் சொன்னது: "வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் என்னைவிடக் குட்டை சார்."

வீடு ஜோகுபாளையத்தில், அண்ணன் ரெமிஜியஸின் குடும்பத்தோடு. முன்முற்றத்தில் நோரா அம்மாள் வான்கோழி வளர்க்கிறார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பங்களாக்களிலிருந்து பட்லர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ரெமிஜியஸ் யாருக்கும் பயப்படாத மனிதர். ஆனால் அந்த வான்கோழிகளுக்குப் பயந்து சுற்றிக்கொண்டு போய்ப் பக்கவாசல் வழியாக வீட்டுக்குள் நுழைகிறார். நோரா அம்மாள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வருவார். குடை பிடிப்பதில்லை. ரோட்டில் நிழல் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வெயில் விழும் பக்கமாகவே நடப்பார். "ஓசில கிடைக்கிற மருந்தை ஏன் விடணும்?"

அடக்கமானவர் என்று அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கான்வென்ட்டில் இன்டர்மீடியட் வரை பௌதிகம் படித்துத் தேறிவிட்டுத்தான் நர்ஸ் பயிற்சிக்குப் போனார். அதைப் புதிதாக வருகிறவரிடம் முதல் கால் மணிக்குள் சொல்லிவிடுவார். "மத்தவங்க ஜெபமாலை உருட்டுவாங்க. நான் யூனிட்டு உருட்டுவேன்." பெருமை பேசினாலும் பேசுகிற விஷயம் அவருக்கு உயிர். சூட்டை அளப்பது பற்றி அவர் எனக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொன்னால் கெட்டுப்போகும். அவர் சொன்னபடியே தருகிறேன்:

"சூடுன்னா மூணு கேள்வி கேக்கணும் சார். எவ்ளோ? எவ்ளோ எடத்துல? எவ்ளோ நேரத்துல? இங்கிலீஷ்காரன் ஒரு பவுண்டு தண்ணிய ஒரு டிகிரி சுட வைக்கிற சூட்டை ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டு, ஒரு சதுர அடில, ஒரு மணி நேரத்துல எத்தனை விழுதுன்னு சொல்லுவான். ஜெர்மன்காரன் ஒரு கிராம் தண்ணிய எடுத்துக்குவான், அவனோட டிகிரி வேற. ஒரு சதுர சென்டிமீட்டரு, ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் சொல்றது ஒரே சூடு. ஆனா இவன் முந்நூறும்பான், அவன் ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் மேலம்பான். தெரியாதவன் பாத்தா இவன் சூடு பயங்கரம், அவன் சூடு பச்சத்தண்ணின்னு நெனைப்பான்."

தண்டில் இந்த மாற்றல் கணக்குக்கு அவரைத் தேடி ஆட்கள் வருவதுண்டு. அல்சூர் ஏரிப் பக்கம் ஐஸ் பாக்டரி வைத்திருக்கும் பெர்னார்ட், வெளிச்சூட்டைத் தடுக்கச் சுவரில் பதிக்கும் தக்கை வாங்க ஜெர்மனியிலிருந்து ஒரு கேட்டலாக் வரவழைத்தார். சுவர் வழியாக உள்ளே நுழையும் சூடு பத்து என்று அதில் போட்டிருந்தது. அவருடைய பழைய இங்கிலீஷ் தக்கைக்கு ஐந்து. பத்தா, வேண்டவே வேண்டாம் என்று கேட்டலாக்கைத் தூக்கிப் போட இருந்தவரை நோரா அம்மாள் தடுத்தார். ஜெர்மன்காரர் அங்கே கணக்கிட்டிருந்தது சதுர மீட்டருக்கு, மணிக்கு, ஒரு கிலோ தண்ணீரை அளவாக வைத்த பெரிய கலோரியில். அந்தப் பத்து இங்கிலீஷ் அளவில் நாலுகூட இல்லை. பெர்னார்ட் புதுத் தக்கையை வாங்கினார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஜோகுபாளையத்துக்குச் சாக்கில் சுற்றி ஐஸ்கட்டி வந்து இறங்குகிறது. அண்ணன் பிள்ளைகள் ஐஸ்கிரீம் இயந்திரத்தைச் சுற்றுகிறார்கள். "பாத்தீங்களா, கணக்கு எப்படி இனிக்குதுன்னு" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு துளி வெட்கம் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு அந்தக் கணக்கிலேயே அடி விழுந்தது. அதை அவர் மறைப்பதில்லை. நான் கேட்காமலே, என் முகத்துக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார்.

சில வருஷங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பழைய இங்கிலீஷ் விளக்கு. டாக்டர் ஓஸ்வால்ட், இடுப்பு வலி, முதுகுப் பிடிப்பு என்று வருகிறவர்களுக்கு அந்த விளக்கின் அட்டைப்படி 'முந்நூறு' என்று எழுதுவார். நோரா அம்மாள் அதன்படி விளக்கை வைப்பார். அந்த விளக்கு கருகிப்போனது. பதிலுக்கு வந்தது ஜெர்மன் விளக்கு. எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் எத்தனை கலோரி என்று ஒரு படம் அதனோடு வந்தது. டாக்டருக்குக் கை பழகிவிட்டது. அவர் 'முந்நூறு' என்றே எழுதிக்கொண்டிருந்தார். முந்நூறை ஜெர்மன் கணக்குக்கு மாற்றுவது நோரா அம்மாளின் வேலை. ஆசையாகச் செய்கிற வேலை. ஒரு துண்டுக் காகிதத்தில் மாற்றி, மூன்று புள்ளி நான்கு என்று விடை கண்டு, படத்தைப் பார்த்து, அதற்குரிய தூரத்தில் விளக்கை இறக்கி வைத்தார்.

புது விளக்கின் கீழே முதலில் படுத்தவர் மதலைமுத்து.

தண்டில் பியானோ வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் மதலைமுத்துவைத் தெரியும். துரைமார்களுக்கு மாற்றலானால் ஒரு பங்களாவிலிருந்து இன்னொரு பங்களாவுக்கு, அல்லது ரெயிலடிக்குப் பியானோவைத் தூக்கிச் செல்வது அவரும் அவர் ஆட்களும்தான். அகலமான மனிதர். மீசை நரைத்துவிட்டது. தூக்கும்போது முனகக்கூடாது என்பது அவர் தன் ஆட்களுக்குப் போட்டிருக்கும் சட்டம். முனகினால் வீட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்களாம், பியானோ விழப்போகிறதென்று. அந்த முதுகில் ஒரு பிடிப்பு. அதற்குத்தான் விளக்கு.

அவர் படுத்தார். விளக்கு எரிந்தது. நோரா அம்மாள் பக்கத்துக் கட்டிலுக்குத் துணி விரித்துக்கொண்டே இரண்டு தடவை "எப்படி இருக்குது?" என்று கேட்டார். இரண்டு தடவையும் "இருக்குதும்மா" என்றுதான் பதில் வந்தது. நேரம் முடிந்து விளக்கை அணைத்தபோது முதுகு செங்கல் நிறத்தில் இருந்தது. மத்தியானத்துக்குள் கொப்புளம் எழும்பிவிட்டது.

"நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு மதலைமுத்து, கட்டிலில் குப்புறப் படுத்தபடியே சொன்னார்: "சூட்டைத் தாங்கினாத்தான் வலி போகும்னு நெனச்சேன். மருந்து கசக்குதுன்னு சொல்றதா?"

நோரா அம்மாள் முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டார். பிறகு மின்சாரத்தை. இரண்டிலும் குறையில்லை. காகிதத்தை எடுத்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். சதுர அடிக்கு நூற்று நாற்பத்து நான்கு சதுர அங்குலம். அது சரி. ஓர் அங்குலத்துக்கு இரண்டரைக்குச் சற்று மேல் சென்டிமீட்டர். அதையும் அதனாலேயே பெருக்கியிருக்க வேண்டும். ஒரு சதுர அங்குலத்துக்கு ஆறரைக்கு நெருக்கமான சதுர சென்டிமீட்டர். அந்த ஓர் இடத்தில் பெருக்காமல் விட்டிருந்தார். வர வேண்டிய விடை ஒன்று புள்ளி மூன்று ஆறு. வந்தது மூன்று புள்ளி நான்கு. மதலைமுத்துவின் முதுகில் வேண்டியதைப் போல் இரண்டரை மடங்கு சூடு விழுந்திருந்தது.

"குழாயடிக்குப் போயி தண்ணியத் தொறந்து விட்டு நின்னேன் சார். மூஞ்சி கழுவணும்னு போனேன். கழுவல. தண்ணி ஓடறதையே பாத்துக்கிட்டு நின்னேன். பௌதிகத்துல பாஸ் பண்ணவ, பாஸ் பண்ணவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் இல்ல?"

டாக்டர் ஓஸ்வால்ட் கெட்ட மனிதர் அல்ல. தன் கீழே வேலை செய்கிறவர்களை விட்டுக்கொடுக்காதவர். அவர் வந்து முதுகைப் பார்த்தார். நோராவின் முகத்தையும் பார்த்தார். அறைக்கு வெளியே அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "வர்றதுக்கு முன்னாடி ஏதோ தைலம் தடவிட்டு வந்திருக்கான் நோரா. வாசனை அடிக்குது. தைலத்து மேல சூடு பட்டா கொப்புளம் வரத்தான் வரும். அப்படியே எழுதிடறேன். நீ பேசாம இரு."

"தைலம் தடவுனது நெசம்தான் டாக்டர். ஆனா கணக்கு தப்பு."

"யாரு கேக்கப்போறாங்க?"

"அவரு கேட்டாரு. ஏம்மா இப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லாம வந்துட்டேன்."

நேரே வார்டுக்குப் போனார். மதலைமுத்துவின் மனைவி கேத்தரின் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். கணவனின் முதுகைப் பார்த்து வாயடைத்து நின்றவளிடம் நோரா அம்மாள், "உங்க வீட்டுக்காரர் முதுகு வெந்ததுக்குக் காரணம் நான்தான். விளக்கும் இல்ல, தைலமும் இல்ல. கணக்குல தப்பு பண்ணிட்டேன்" என்றார். அடுத்த நிமிஷம் கேத்தரினின் வாய் திறந்துகொண்டது. தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிற்றாலயத்தில் மணியடிக்கும் கோவில் பிள்ளை, பக்கத்து வார்டு நோயாளிகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "மனுசன் முதுகு உங்களுக்கு என்ன சிலேட்டா, கணக்குப் போட்டுப் பழக? அந்த முதுகுதான்டி எங்களுக்குச் சோறு!" மரியாதையெல்லாம் பறந்துபோயிற்று. நோரா அம்மாள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தலையையும் குனியவில்லை. கேத்தரின் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "இன்னும் இருந்தா திட்டிடுங்க. அப்புறம் மருந்து போடணும்" என்றார்.

"அந்தம்மா கை என் மேல படக்கூடாது" என்று மதலைமுத்து சொல்லிவிட்டார். வேறொரு நர்ஸ் மருந்து போட்டாள். தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர், விளக்கின் மேல் ஒரு படுக்கைவிரிப்பைப் போட்டு மூடச் சொன்னார். நோரா அம்மாளைப் புண்ணுக்குப் போடும் துணிக்கட்டுச் சுருட்டும் அறைக்கு மாற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் படைப்பிரிவு ஒன்றுக்கு மாற்றல் வந்தது. பியானோக்காரர்களுக்கு அறுவடைக் காலம். தலைவர் இல்லாமல் மதலைமுத்துவின் ஆட்கள் தாங்களாகவே ஒரு பங்களாவில் வேலையை ஒப்புக்கொண்டு, வாசற்படியில் பியானோவின் கால் ஒன்றை ஒடித்துவிட்டார்கள். அந்த வீட்டு மேம்சாகேப், இனி இந்த ஆட்கள் என் கேட்டுக்குள் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டாள். செய்தி துணிக்கட்டு அறை வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பூசைக்குக் கட்டிய அதே சேலையோடு நோரா அம்மாள் அந்தப் பங்களாவுக்கு நடந்தே போனார். வராந்தாவில் நின்று, மதலைமுத்து ஏன் வரவில்லை, யாரால் வர முடியவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். மேம்சாகேப் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அடுத்த மாற்றலின்போது அந்த வீட்டிலிருந்து மதலைமுத்துவுக்குத்தான் ஆள் வந்தது. அது நோரா அம்மாள் போய் நின்றதாலா, வேறு பியானோக்காரர்கள் அதைவிட மோசமாகத் தூக்கியதாலா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புண் ஆறியது. பிடிப்பு ஆறவில்லை. மணல் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. மதலைமுத்து வீட்டுக்குப் போகிற நாளில், துணிக்கட்டு அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எங்கன தப்பாச்சுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார்.

நோரா அம்மாள் சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு சதுரம் வரைந்தார். பக்கத்தில் அதைப் போல் இரண்டரை மடங்கு பக்கம் உள்ள இன்னொரு சதுரம். சின்னதைப் பெரியதற்குள் அடுக்கிக் காட்டினார். நீளவாட்டில் இரண்டரை, அகலவாட்டில் இரண்டரை, மொத்தம் ஆறேகால் சின்னச் சதுரம் பிடிக்கிறது. "நான் நீளத்துக்கு மட்டும் மாத்திட்டு, அகலத்துக்கு மாத்தாம விட்டுட்டேன்."

மதலைமுத்து குனிந்து பார்த்தார். "அப்படிச் சொல்லுங்க. பியானோவ நீளம் மட்டும் அளந்துட்டு வாசப்படிக்குக் கொண்டாந்து நிறுத்துன மாதிரி."

"அதேதான்."

"எங்க ஆளு ஒருத்தன் பண்ணியிருக்கான். கதவைப் பேத்து எடுத்தோம்." அவர் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது தலையை அசைத்துவிட்டுப் போனார்.

நேரே மதரின் அறைக்குத்தான் போயிருக்கிறார். அங்கே நடந்த பேச்சை மதரே எனக்குச் சொன்னார். சொல்லும்போது மதலைமுத்துவின் குரலையும் பிடித்துக் காட்டினார்.

"மதர், அந்த விளக்கைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்களாமே. என் முதுகுக்கு அது வேணும்."

"வேற நர்ஸ் பழகிக்கிட்டிருக்கா. கொஞ்ச நாள் பொறு."

"வேற நர்ஸு வேணாம். எங்க தப்பு வரும்னு அவங்களுக்குத் தெரியாது. நோராம்மாவுக்குத் தெரியும்."

மதர் ஒப்புக்கொண்டார். டாக்டரும் தலையாட்டினார். ஆனால் நோரா அம்மாளே உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கைத் திருத்திவிட்டால் போதுமா? திருத்திய கணக்கில் வேறு எங்காவது ஓட்டை இருந்தால்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மதலைமுத்துவும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நம்பரு சொன்னா எனக்கு விளங்காது. விளங்கற மாதிரி சொல்லிட்டு அப்புறம் சுவிச்சைப் போடுங்க."

"உங்களுக்கு என்ன சூடு விளங்கும்?"

"வெயிலு விளங்கும். மே மாசத்துல ரோட்டுல பியானோ தூக்கிப் பாருங்க, உங்களுக்கும் விளங்கும்."

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் டப்பா மூடி. உட்புறத்தைக் கறுப்பாக்கி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுப்பகலில் ஆஸ்பத்திரி முற்றத்தில் வைத்தார். அந்த ஆழத்தில், ஒரு நிமிஷத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறதோ அத்தனை கலோரி ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுகிறது. பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். உச்சிவெயில் ஒன்று புள்ளி நான்கை ஒட்டி வந்தது. மேகம் மறைத்தால் முதலிலிருந்து. இளம் கன்னியாஸ்திரீகள் ஜன்னல் வழியாக, வெயிலில் குத்த வைத்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்த நோரா அம்மாளைப் பார்த்து, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பேசிக்கொண்டார்களாம். பிறகு அதே மூடியை விளக்கின் கீழே வைத்தார். திருத்திய கணக்கு சொன்ன தூரத்தில், மூடியும் கணக்குக்கு ஒத்துச் சொன்னது. டாக்டர் எழுதிவந்த 'முந்நூறு' என்பது பெங்களூரின் உச்சிவெயிலுக்கு ஒரு மயிரிழை குறைவு. முதல் தடவை மதலைமுத்து முதுகில் விழுந்தது இரண்டரை வெயில்.

"இந்த ரெண்டும் ஒத்து வந்தாத்தான் சுவிச்சு" என்கிறார் இப்போது. கணக்கும் காகிதத்தில் கிடையாது. எல்லாரும் பார்க்கும்படி அலமாரிக் கதவில். டாக்டர் வந்து பார்க்கலாம், நோயாளியும் பார்க்கலாம். ஒரு தடவை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் படுக்கப் போகுமுன் அதில் ஒரு வகுத்தலைத் திருத்தினார். தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இடம். நோரா அம்மாள் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

மதலைமுத்து திரும்ப வந்து படுத்த நாளைப் பற்றிக் கேட்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்வாரத்துக்குக் கேட்கவில்லை.

"அரை வெயிலுதான் வெச்சேன். மூடியில தெர்மாமீட்டரை அவரையே பாக்கச் சொன்னேன். பாத்தாரு. படுத்தாரு. எனக்குச் சுவிச்சுல கை போகல சார். முதுகுல அந்தப் புது தோலு, ரோஸ் கலருல, பளபளன்னு. அதைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். அவரு அந்தப் பக்கம் மூஞ்சிய வெச்சுக்கிட்டே, 'போடுங்கம்மா, அரை வெயிலுதானே'ன்னாரு. போட்டேன். ஓடிப் போயி மூஞ்சிக்கு எதிரே உக்காந்தேன். இந்த மனுசன் வாயால சொல்ல மாட்டாரு, மூஞ்சி சொல்லும்னு. புருவம் சுருங்குதா, தாடை இறுகுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நேரத்துல கண்ணு மூடிச்சு. அப்புறம் கொறட்டை. அவரு தூங்கறதைப் பாத்தப்புறம்தான் நான் அழுதேன்."

முக்காலி அன்றைக்குப் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. இன்று தண்டில் எங்கே போனாலும் இந்த வெயில் கணக்கு பேச்சில் அடிபடுகிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் கறிக்கடைக்காரர் என்னிடம், "எனக்கு முக்கால் வெயிலுங்க, எங்கம்மாவுக்கு கால் வெயிலு போதும்ன்னுட்டாங்க" என்றார். வேறு ஆஸ்பத்திரியில் புது விளக்கு வாங்கினால், வாங்கிய கையோடு அங்கிருந்து யாராவது பின்கட்டு அறைக்கு வருகிறார்கள். நோரா அம்மாள் அவர்களிடம் பௌதிகத்தில் தேறியதை முதலில் சொல்கிறார். முதுகை வேக வைத்ததை இரண்டாவதாகச் சொல்கிறார். அதன் பிறகுதான் மூடியில் தண்ணீர் ஊற்றுகிறார்.

போன வாரம் பழைய மதராஸ் ரோட்டில் அவரைப் பார்த்தேன். என் தோள் குணமாகி, ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுவிட்டது. காலை நேரம். வழக்கம்போல் வெயில் பக்கமாக, ரப்பர்ச் செருப்பில் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு பங்களா கேட்டிலிருந்து பியானோ ஒன்று ரோட்டுக்கு இறங்கியது. கம்பளி சுற்றிய கறுப்புப் பியானோ. பட்டையை நெற்றியிலும் தோளிலும் மாட்டிய ஆட்கள். முன்வரிசையில் மதலைமுத்து. யாரும் முனகவில்லை.

நோரா அம்மாள் ரோட்டின் நடுவுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். ஒரு பஸ்ஸும் நாலைந்து ஜட்காக்களும் நின்றன. பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பியானோ நகர்ந்து தன் பக்கத்துக்கு வந்ததும், கையை இறக்கிவிட்டு மதலைமுத்துவின் பின்னால் போனார். பஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதரின் சட்டையைப் பின்புறம் தோள்பட்டை வரைக்கும் தூக்கினார். உள்ளங்கையை விரித்து, வெயில் பட்ட அந்த முதுகில் பதித்துச் சூடு பார்த்தார்.

மதலைமுத்து பியானோவை இறக்கவில்லை. நடையை மட்டும் நிறுத்தி, பாரத்தை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர் கைக்கு எட்டும்படி முதுகைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்.